வாகைப்பேரி வட்டகை

"உங்க ஊரு ஏரிக்கரை விரிசல் உட்டுக்கிச்சாமே? நேத்து நீங்கதானே சொன்னீங்க," என்றாள் எதிர்வீட்டு வேதவல்லி, மின்தூக்கிக்குள்.

உலகம்மை நேற்று அப்படி எதையும் சொல்லவில்லை. நேற்று அவள் வாயைத் திறந்தது காய்கறிக்காரரிடம் பீர்க்கங்காய் முற்றலாக இருக்கிறது என்று சொல்வதற்காக மட்டும்தான். ஆனாலும் இந்த மாதிரி விஷயங்களை மறுத்துப் பேசுவதை அவள் என்றைக்கோ விட்டுவிட்டாள். மறுத்தால் விளக்க வேண்டும். விளக்கினாலும் யார் கேட்கிறார்கள்?

"எந்த ஊர்னு சொன்னேன்?" என்று கேட்டாள்.

வேதவல்லி அந்தக் கேள்வியை வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. "வாகைப்பேரி. கலெக்டர் எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிட்டாராம். பாவம், நீங்க சொல்றப்போ உங்க குரலே அடைச்சுக்கிச்சு."

வாகைப்பேரியில் உலகம்மையின் அப்பா இருந்தார். குளத்துக் கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வீடு.

உலகம்மை ஒரு காலத்தில் செய்தி வாசித்தவள். எட்டு வருஷத்துக்கு முன்னால் நிறுவனம் அவளுடைய முகத்தையும் குரலையும் மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கிடையாது. வேலையெல்லாம் உருத்திரிப்பி பார்த்துக்கொண்டது. தமிழ்நாட்டை ஆயிரத்துச் சொச்சம் வட்டகைகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், ஒவ்வொரு வட்டகைக்கும் அந்தந்த ஊர்ப் பேச்சில் செய்தி வாசிக்கும் பொறி அது. முகம் ஒன்றுதான், உலகம்மையுடையது. கோயம்புத்தூரில் அந்த முகம் 'ஏனுங்க' என்று ஆரம்பிக்கும். வேலூரில் ஏரி என்று சொல்வதை மதுரையில் கண்மாய் என்றும் தென்காசிப் பக்கம் குளம் என்றும் சொல்லும். சேலை மாறும், கம்மல் மாறும், தலையில் வைக்கும் பூகூட அந்தந்தச் சந்தையில் அன்றைக்கு என்ன மலிவோ அதுதான். இந்த ஏற்பாட்டுக்கு ஊர்முகம் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் அவளைத் தன் ஊர்ப் பெண் என்றே நம்பியது. வாணியம்பாடியில் ஒருவர் அவள் தனக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை என்று நிரூபித்து ஊரில் மரியாதை வாங்கிக்கொண்டிருந்தாராம்.

முதலில் பேச்சும் சேலையும்தான் மாறின. செய்தி பிற்பாடுதான் மாறியது. யாரும் மாற்றச் சொல்லவில்லை. உருத்திரிப்பிக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்: ஜனங்கள் எந்த இடத்தில் ரிமோட்டை எடுக்கிறார்கள் என்பது. தன் ஊரைப் பற்றிக் கெட்ட சேதி வந்தால் உடனே வேறு அலைவரிசைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த ஊரின் கெட்ட சேதி என்றால் அடுக்களையில் இருப்பவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கிறார்கள். பொறி இதைக் கவனித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஓர் ஊரின் கெட்ட சேதி அந்த ஊரைத் தவிர எல்லா ஊருக்கும் போனது. போகிற வழியில் கொஞ்சம் பருத்தும் போனது.

ஜனங்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். குடும்பத்துக்கு ஒருவரை வெளியூர்க் காது என்று வைத்துக்கொண்டார்கள். திருப்பூரில் கொழுந்தன், ஓசூரில் மருமகன் என்று யாராவது ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டு, "எங்க ஊர்ல என்ன நடக்குது?" என்று கேட்டுக்கொள்வார்கள். வீட்டு வாசலில் நடப்பதை இருநூறு மைல் தள்ளி இருக்கிறவரிடம் கேட்கிறோமே என்று யாருக்கும் வெட்கமாக இல்லை. சில வருஷம் இது நன்றாகவே ஓடியது. ஆனால் பருத்த சேதிதானே வெளியூர்க் காதில் விழும்? ஓர் ஊரில் நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தது திருப்பூர்த் திரையில் நாற்பது சாவாகத் தெரிந்தது. கார் பிடித்து அழுதுகொண்டே வந்து இறங்கிய மைத்துனருக்கு, செத்துப்போனவரே வாசலில் நின்று மோர் கொடுத்தார். இப்படி நாலு தடவை ஆனதும் வெளியூர்ச் சேதி என்றாலே புளுகு என்று அர்த்தமாகிவிட்டது. அதோடு எல்லாரும் தங்கள் ஊர்ச் செய்தியைத் தங்கள் ஊர்த் திரையிலேயே பார்த்து நிம்மதியானார்கள்.

உலகம்மை மட்டும் எந்தத் திரையையும் பார்ப்பதில்லை. அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதே போதும் என்றிருந்தது அவளுக்கு.

அப்பாவைக் கூப்பிட்டாள். குத்தாலிங்கம் அரவை மில்லில் எந்திரம் பார்த்து ஓய்ந்தவர். காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் தொலைபேசியில் கத்துவார்.

"கரையா? கரை அது பாட்டுக்கு இருக்கு. ஒனக்கு எவன் சொன்னான்?"

"டிவியில சொல்லியிருக்காங்கப்பா."

"நானும் டிவி பாத்தேன்லா. நீ ஒண்ணும் சொல்லலியே."

அவர் மழையைப் பற்றியும், நேற்று அவள் கட்டியிருந்த அரக்குச் சேலையைப் பற்றியும், அது அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவளிடம் அரக்குச் சேலையே கிடையாது.

நிறுவனத்தைக் கூப்பிட்டாள். ஊர்முகப் பிரிவில் இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஆட்சியரின் வெளியேற்ற அறிவிப்பு முறைப்படி ஒளிபரப்பாகிவிட்டது, மேடம், தமிழ்நாடே பார்த்துவிட்டது என்றார். வாகைப்பேரி பார்த்ததா என்று கேட்டாள். அது பொறியின் முடிவு, அதில் கைவைக்க எங்களுக்கே அனுமதி இல்லை என்றார். ஆட்சியர் அலுவலகத்திலும் கிட்டத்தட்ட இதே பதில்தான். அறிவிப்புக் கொடுத்தாகிவிட்டது, ஜனங்கள் இந்நேரம் கிளம்பியிருப்பார்கள் என்றார்கள். நேரில் போய்ச் சொல்வது என்ற பழக்கம் போய் வெகு காலமாகிவிட்டது.

பயமாக இருந்ததா என்றால், இருந்திருக்க வேண்டும். உலகம்மைக்கு அது எங்கோ தொலைவில், பல் பிடுங்கும்போது மரத்த கன்னத்தில் விரல் படுவதுபோலத் தெரிந்தது. தன் வீட்டு டிவிக்கு ஒளிபரப்பை வாங்கித் தருகிற ஏற்பிப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். சென்னைப் பெட்டி சென்னைச் சேதியைத்தான் சொல்லும். அப்பா டிவியைத்தான் நம்புவார் என்றால் டிவியையே கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு.

வாகைப்பேரியில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் போகுமுன் குளத்துக்குப் போனாள். தண்ணீர் கரையின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. கரையின் மேல்தளத்தில் ஆள் கை நுழைகிற அகலத்துக்கு நீளமாக ஒரு வெடிப்பு. வெளிப்பக்கம் அடிவாரத்தில் மண் கரைந்த சிவப்புத் தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. ஒருவர் அந்தத் தண்ணீரில் பைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சோப்புக் கையோடு கும்பிட்டார்.

"நேத்து நல்லா இருந்துச்சுக்கா, கொளத்தப் பத்தி நீங்க சொன்னது."

"கரை உடையப்போகுதுங்க," என்றாள் உலகம்மை.

அவர் கரையைத் திரும்பிப் பார்த்தார். சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, அப்படின்னா நீங்க சொல்லியிருப்பீங்கள்லா என்று சிரித்துவிட்டுச் சக்கரத்தைத் தேய்க்கப் போய்விட்டார்.

அப்பா அவளைப் பார்த்ததில் சந்தோஷப்பட்டார். ரொம்ப அல்ல. தினமும் பார்க்கிற மகள்தானே? கூடத்துச் சுவரில் டிவி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே ஒரு நாற்காலி, அதன் கைப்பிடியில் அவர் கை பட்டுப் பட்டுப் பளபளப்பு ஏறியிருந்தது. மெலிஞ்சுட்டியே என்றார். டிவியில் அவள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாளாம். அவள் கரையைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ ஏன் இப்படிப் பேசுதே?" என்றார் கடைசியில்.

"எப்படி?"

"ஆபீசர் பொம்பள மாதிரி. ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டாப்ல வருது." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது. "டிவியில வாறவ அப்படிப் பேச மாட்டா. அவ பேசினா ஒங்கம்மை பேசின மாதிரியே இருக்கும். ஒருநா குருவிமல உச்சிக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்கு மேல ஏறிட்டா அது வேற வட்டகையாம். கைபேசியில ஒன்னையப் பாத்தா யாரோ எவளோ மாதிரி பேசிக்கிட்டு நிக்கே. எனக்கு வெறுத்துப்போச்சு. அப்பவே எறங்கி வந்துட்டேன்."

குருவிமலை ஊருக்கு மேற்கே இருக்கும் குன்று. அடிவாரத்திலிருந்து படிகள், நடுவில் ஒரு மண்டபம், உச்சியில் முருகன் கோயில்.

உலகம்மை பையிலிருந்து சென்னைப் பெட்டியை எடுத்து டிவியில் மாட்டினாள். செய்தி நேரம் நெருங்கியிருந்தது. அவள் வந்த தகவல் பரவி, பக்கத்து வீட்டுச் சண்முகத்தாயும் தெருவில் இன்னும் பலரும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். உலகம்மையோடு சேர்ந்து உலகம்மையைப் பார்க்கும் வாய்ப்பு வேறெந்த ஊருக்குக் கிடைக்கும்?

சென்னை உலகம்மை திரையில் வந்தாள். வெளிர்நிறப் பருத்திச் சேலை, குட்டை முடி, காதில் சின்னக் கல். வாகைப்பேரி ஏரிக்கரை எந்த நிமிஷமும் உடையலாம் என்றாள். பின்னால் படம் வந்தது. வெடிப்பு நிஜத்தில் இருந்ததைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அது இந்த ஊர்க் கரைதான், சந்தேகமே இல்லை. தெருக்களும் வீடுகளும் வந்தன.

"அது எங்க மொட்டமாடில்லா," என்றாள் சண்முகத்தாய். "நான் காயப்போட்ட சேல கெடக்கு."

சண்முகத்தாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். பின்னால் இருந்தவர்களில் ஒருவர் செருப்பைத் தேடி மாட்டினார். உலகம்மை அப்பாவைப் பார்த்தாள். அவர் திரையை முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும், எழப்போகிறவர்போலக் கை நாற்காலிப் பிடியில் ஊன்றியிருந்தது.

அப்போது பெட்டியில் சிறிய விளக்கு ஒன்று பச்சையாகச் சிமிட்டியது. தான் எங்கே இருக்கிறோம் என்பதைப் பெட்டி கண்டுபிடித்துவிட்டது. இதை உலகம்மை யோசித்திருக்கவில்லை. "ஆகவே பொதுமக்கள் உடனடியாக..." என்று சொல்லிக்கொண்டிருந்த சென்னை உலகம்மையின் முடி அந்த வாக்கியம் முடிவதற்குள் நீண்டு பின்னலானது. காதில் ஜிமிக்கி தொங்கியது. பருத்திச் சேலை அரக்குப் பட்டாக மாறியது. முகம் கொஞ்சம் பூசினாற்போல ஆனது.

"...உடனே போய்ப் பாருங்க, நம்ம கொளம் நெறஞ்சு கெடக்க அழக," என்றாள் திரையில் இருந்தவள். "எத்தன வருசமாச்சு இப்படித் தண்ணியப் பாத்து. மனசு குளுந்து போவுது. இந்த வருசம் ரெண்டு பூவு வெளைச்சலுக்கும் பஞ்சமில்ல."

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். சண்முகத்தாய் உட்கார்ந்தாள். செருப்பைத் தேடியவர் அதை மறுபடி கழற்றினார்.

"பாத்தியளா?" என்றார் குத்தாலிங்கம், எல்லாரையும் பார்த்து. "எம் மவ சொல்லிட்டா."

உலகம்மை எழுந்து டிவிக்கு முன்னால் நின்றாள். அது படம் என்றாள். பொறி செய்கிற வேலை, நான் உயிரோடு இங்கே நிற்கிறேன், நான் சொல்கிறேன் என்றாள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சிலர் அவள் தலைக்குப் பக்கவாட்டில் எட்டித் திரையைப் பார்த்தார்கள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. சின்ன வயதில் பேசிய பேச்சைத் தேடி எடுத்து, "எப்பா, நெசமாத்தான் சொல்லுதேன், கரை ஒடையப்போவுதுப்பா," என்றாள். சொல்லும்போதே தெரிந்தது. ஒவ்வொரு சொல்லும் இரவல் வாங்கியதுபோல நாக்கில் இடறியது.

சண்முகத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "டிவியில பேசுதாப்லயே பேசிப் பாக்கா," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். கேலியாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னாள்.

உலகம்மைக்குக் கோபம்கூட வரவில்லை. சோர்வாக இருந்தது. அப்படியே நாற்காலியின் அருகே தரையில் உட்கார்ந்தாள். அப்பா அவள் தலையில் கை வைத்தார். கண் திரையில் இருந்தது. தனியாகப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்பாவை இழுத்துக்கொண்டு போக முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. இந்த நினைப்பெல்லாம் யாருடையதோ போல வந்து போயிற்று. அப்புறம் அவள் வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

"நாளைக்கு வெள்ளன குருவிமலையில ஷூட்டிங் இருக்கு. அதுக்குத்தான் வந்தேன். ஊரோட வரணும்னு சொல்லியிருக்காவ."

இந்தத் தடவை ஒரு சொல்லும் இடறவில்லை. யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் திரையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பின.

"என்ன சேல கட்டணும்?" என்றாள் சண்முகத்தாய்.

பட்டு என்றாள் உலகம்மை. நகை போடலாமா என்று கேட்டார்கள். இருக்கிற எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். உச்சியில் கோயிலுக்கு முன்னால்தான் எடுப்பார்கள், விடிகிற வெளிச்சம் வேண்டும், அதனால் இருட்டோடு கிளம்ப வேண்டும். ஆடு மாடுகளும் வேண்டும், ஊர் செழிப்பாகத் தெரிய வேண்டாமா? படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், அவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள். வராத வீட்டின் பெயர் திரையில் வராது. ஒவ்வொன்றாக, கேட்கக் கேட்க, தடையில்லாமல் வந்தது. ஜனங்களுக்கு எது வேண்டும் என்பது இவ்வளவு சுலபமாகத் தெரிந்துவிடுவதை நினைத்து அவளுக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது. உருத்திரிப்பிக்கும் இதே சுலபம்தான் இருந்திருக்கும்.

"இத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" என்றார் அப்பா. "கரை கிரைன்னு பயமுறுத்திக்கிட்டு."

கரை அன்றைக்கு இரவு தாங்கியது. விடியுமுன் ஊர் கிளம்பியது. தூறலில் குடைகளும், குடைகளுக்குக் கீழே பட்டுச் சேலைகளும், கழுத்தில் சாமந்தி கட்டிய ஆடுகளும் படியேறின. நடக்க முடியாத ஒரு பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவந்தார்கள். அவர் மடியில் சவரக் கண்ணாடி வைத்து மீசையைச் சரிசெய்துகொண்டே வந்தார். பைக் கழுவியவர் பளபளக்கிற பைக்கை அடிவாரத்தில் விட மனமில்லாமல் விட்டுவிட்டு வந்தார். மண்டபத்தில் எல்லாரும் உட்காரப் பார்த்தார்கள். உச்சிக்குப் போனால்தான் ஆச்சு என்று உலகம்மை விரட்டினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது மலையைச் சுற்றிப் பனிமூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. கீழே ஊர் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஆரம்பித்து, கொட்டி முடியாமலே போய்க்கொண்டிருந்தது. அதற்குள் நாய்களின் ஓலம் கேட்டது. பிறகு அது நின்றுவிட்டது. ஜல்லிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சண்முகத்தாய் ஈரமாகிவிட்ட கொசுவத்தை உதறிச் சரிசெய்தாள். குத்தாலிங்கம் மூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் மற்றவர்களும், சொல்லிவைத்தாற்போல, கைபேசியை எடுத்தார்கள். வெளியே என்ன நடந்தாலும் அவர்கள் கை முதலில் அங்கேதான் போகும்.

உச்சி வேறு வட்டகை. திரையில் பச்சைச் சேலை கட்டிய ஓர் உலகம்மை, மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சில் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தூர் வாகைப்பேரி குளம் உடைந்து ஊரே அழிந்துவிட்டது, ஓர் உயிர்கூட மிஞ்சவில்லை என்றாள். தண்ணீருக்கு மேல் கூரைகள் மட்டும் தெரிகிற படம் வந்தது. சாய்ந்த பைக் ஒன்று வெள்ளத்தில் உருண்டு போனது.

கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். அது பழக்கம். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், பச்சப் புள்ளைகள்லாம் இருந்துருக்குமே," என்றாள். அவளுடைய பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

நாற்காலியில் வந்த பெரியவர்தான் முதலில் பிடித்தார். "ஒருத்தர்கூட மிஞ்சலன்னு சொல்லுதாளே. அப்ப நாம யாரு?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டும் நகையுமாக, ஈரத்தில் நடுங்கிக்கொண்டு, எல்லாரும் உயிரோடுதான் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. நாம் செத்தது பொய் என்றால் ஊர் முங்கியதும் பொய்தானே? யாரும் இதை உரக்கச் சொல்லவில்லை. வெளியூர்ச் சேதி, என்று மட்டும் யாரோ சொன்னார்கள். அதோடு ஆடுகளை ஓட்டிக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, படியிறங்க ஆரம்பித்தார்கள். ஷூட்டிங் என்னாச்சு என்று ஒருத்தர் கேட்டதற்கு, எல்லாம் எடுத்தாகிவிட்டது, மறைவாக எடுப்பார்கள் என்று இன்னொருத்தரே பதில் சொல்லிவிட்டார்.

உலகம்மை முன்னால் ஓடி மண்டபத்துப் படியை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், மூட்டம் கலைகிற இடத்தில், கீழ்ப்படிகளைக் காணோம். சிவப்புத் தண்ணீர் படியில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு வைக்கோல் படப்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது.

மண்டபத்தோடு அவர்களுடைய வட்டகை ஆரம்பித்தது. எல்லாக் கைபேசியிலும் அரக்குச் சேலை திரும்பி வந்தது. இன்னைக்கு நம்ம ஊர் மக்கள் மலையில கூடுன அழகு இருக்கே, என்று அது சொல்லத் தொடங்கியதும் கூட்டம் அங்கேயே நின்றது. மண்டபத்திலும் படிகளிலும் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். பைக்காரர் தண்ணீரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். பிறகு திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டார்.

குத்தாலிங்கம் மட்டும் கைபேசியைப் பார்க்கவில்லை. அவர் கண் வைக்கோல் படப்பு போன திசையில் இருந்தது. அந்தத் திசையில்தான் வீடு. சட்டைப் பையில் கைபேசி அவருக்குப் பிடித்த குரலில் பேசிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து அணைத்தார். அவர் அதை அணைத்து உலகம்மை பார்த்ததே இல்லை.

"ஏளா உலகு," என்றார். கத்தாமல் பேசினார். "நீ நேர்ல சொல்லு. எது நெசம்?"

எட்டு வருஷத்தில் அவர் அவளிடம், இந்த அவளிடம், ஒரு சேதி கேட்டது இதுதான் முதல் தடவை. அவர் தாடை ஆடிக்கொண்டிருந்தது. கண்ணில் பயம் இருந்தது, அதற்குப் பின்னால் அவர் கட்டிய வீடு, அம்மா படம், பளபளக்கும் அந்த நாற்காலி எல்லாம் இருந்தன. உண்மையைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். இதற்காகத்தானே ரயிலேறி வந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், அவர் எந்த இடத்தில் தாங்கமாட்டார் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணுமில்லப்பா," என்றாள். சொற்கள் அம்மாவின் குரலில், அவ்வளவு இயல்பாக வந்தன. "கொளம் நெறஞ்சு கொஞ்சம் வெளிய வந்துருக்கு. வடிஞ்சுரும். செத்த இங்கனயே இருந்து பாத்துட்டுப் போவோம், என்ன?"

குத்தாலிங்கத்தின் தாடை ஆடுவது நின்றது. அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் படியில் உட்காரவைத்தார்.

"இப்பத்தான் எம் மவ மாதிரி பேசுதே," என்றார்.